உபரி எது? தானியத்தோடு கப்பலேறும் தண்ணீர்

அல்ஹம்துலில்லாஹ். வானிலிருந்து அளவோடு நீரை இறக்கி, அதைப் பூமிக்குள் தங்க வைத்த அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும். ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



தண்ணீரை வீணாக்காதீர்கள் என்று ஒவ்வொரு கோடையிலும் மிம்பரில் பேசுகிறோம். ஒளுச் செய்யும்போது குழாயை மூடுங்கள் என்கிறோம். இந்த வாரமும் தண்ணீரைப் பற்றித்தான் பேசப்போகிறோம். ஆனால் குழாயில் வரும் தண்ணீரை அல்ல. அரிசி மூட்டைக்குள்ளும் கோதுமைக் கப்பலுக்குள்ளும் ஒளிந்துகொண்டு, கண்ணுக்குத் தெரியாமல் நாடு விட்டு நாடு போகும் தண்ணீரை.

கேள்வி இதுதான். ஒரு ஊர்க்காரர் தன் நிலத்தடி நீரை இறைத்துத் தானியம் விளைவிக்கிறார். அதை இன்னொரு நாட்டுக்கு விற்கிறார்கள். விற்றவருக்குக் காசு, வாங்கியவருக்குச் சோறு. வியாபாரம் ஹலால், அளவை நிறுவையில் மோசடி இல்லை. ஆனால் அந்த நிலத்தடி நீர் வற்றிப்போன பிறகு அதே ஊரில் பிறக்கப்போகும் பிள்ளைக்கு யார் பதில் சொல்வது? விற்றவரா, வாங்கியவரா, அல்லது உட்கார்ந்து சாப்பிட்ட நாமா?

நெய்வேலிக்காரருக்கு இது தூரத்துக் கேள்வி அல்ல

நம் ஊரின் கதை உங்களுக்குத் தெரியும். ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்பாக ஏதோ வந்தது. தண்ணீர் தேடிய இடத்தில் பழுப்பு நிலக்கரி கிடைத்தது. 1956-இல் நிறுவனம் உருவானது. ஆனால் அந்த நிலக்கரிப் படுகைக்குக் கீழே பெரும் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் இருக்கிறது. அதை இரவு பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்யலாம். அப்படி இறைத்த நீர் அனல்மின் நிலையத்துக்குப் போகிறது, வாலாஜா ஏரி வழியாகப் பாசனத்துக்குப் போகிறது, சென்னைக்குக் குடிநீராகவும் போயிருக்கிறது.

இப்போது கோத்துப் பாருங்கள். இங்கே நீரை இறைத்து நிலக்கரியை எடுக்கிறோம். நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கிறோம். அந்த மின்சாரம் எங்கோ ஒரு வயலில் மோட்டாரை ஓட்டுகிறது. அந்த மோட்டார் மறுபடியும் நிலத்தடி நீரை இறைக்கிறது. அந்த நீர் நெல்லாகிறது, நெல் அரிசியாகிறது, அரிசி மூட்டையாகி வெளியூர் போகிறது. இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி நம் ஊரில் இருக்கிறது. நம்மில் பலருக்கு ரிஜ்க் அந்தக் கண்ணியில்தான் வருகிறது. ஆகவே இதை யாரோ ஒருவர் மீது குற்றம் சுமத்திவிட்டு எழுந்து போகிற பேச்சாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஸூரத்துல் முல்க்கை ஒவ்வொரு இரவும் ஓதுகிறோம். அதன் கடைசி வசனத்தில் அல்லாஹ் நம்மிடம் ஒரு கேள்வி கேட்கிறான். உங்கள் நீர் பூமிக்குள் வெகு ஆழத்துக்குப் போய்விட்டால், ஓடிவரும் நீரை உங்களுக்குக் கொண்டுவருபவர் யார் என்பது அதன் கருத்து. சுரங்கத்தின் ஓரத்தில் வாழும் நமக்கு இந்த வசனத்துக்குத் தனியாக விளக்கவுரை தேவையில்லை.

மறைநீர் என்றால் என்ன?

லண்டன் பேராசிரியர் டோனி ஆலன் 1990-களில் ஒரு விஷயத்தைக் கவனித்தார். மத்திய கிழக்கு நாடுகளில் மக்கள் தொகைக்குத் தேவையான உணவை விளைவிக்கப் போதுமான தண்ணீர் இல்லை. ஆனாலும் அங்கே தண்ணீருக்காகப் பெரும் யுத்தம் மூளவில்லை. ஏன்? அந்த நாடுகள் தண்ணீரைக் கோதுமையாக இறக்குமதி செய்கின்றன என்றார் அவர். இதைத்தான் தமிழில் மறைநீர் என்கிறோம். இந்தக் கருத்துக்காக 2008-இல் அவருக்கு ஸ்டாக்ஹோம் தண்ணீர் விருது கிடைத்தது.

ஒரு கிலோ அரிசி விளைய உலகச் சராசரியாக ஏறக்குறைய 2,500 லிட்டர் தண்ணீர் ஆகிறது. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து, அதாவது ஏறக்குறைய முக்கால் லிட்டர் தண்ணீரில் ஒளுச் செய்தார்கள் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. அந்தக் கணக்குப்படி ஒரு கிலோ அரிசிக்கு ஆன தண்ணீரில், ஒருவர் ஐவேளையும் ஒளுச் செய்து இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் காலம் தள்ளிவிடலாம்.

இந்தியா இன்று உலகிலேயே அதிக அரிசி ஏற்றுமதி செய்யும் நாடு. 2022-23-இல் போன அரிசி சுமார் 2 கோடியே 20 லட்சம் டன். மேலே சொன்ன சராசரியை வைத்துப் பெருக்கினால் அதற்குள் இருக்கும் நீர் சுமார் 5,500 கோடி கன மீட்டர். மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அப்படி அணை இருபது முறை நிரம்பும் தண்ணீர். இதில் ஒரு பங்கு மழையிலிருந்து நேராகக் கிடைத்தது, ஒரு பங்கு வயலிலிருந்து மறுபடி மண்ணுக்குள் இறங்கியது. அதையும் நீதியாகச் சொல்ல வேண்டும். அதையெல்லாம் கழித்தாலும் மீதி சின்னக் கணக்கல்ல.

தானிய வியாபாரம் ஒரு ரஹ்மத்

அப்படியானால் தானியத்தை வெளியூருக்கு விற்பதே தவறா? அவசரப்பட்டு அப்படிச் சொல்லிவிடக் கூடாது.

இப்ராஹீம் (அலை) அவர்கள் தம் குடும்பத்தை விட்டுச் சென்ற இடம் விவசாயமே இல்லாத பள்ளத்தாக்கு. அங்கே வாழ்வோருக்கு உணவாகக் கனிகளைக் கொடு என்று துஆச் செய்தார்கள். அல்லாஹ் அந்த துஆவை எப்படி நிறைவேற்றினான்? மக்காவில் நதியை ஓடவிடவில்லை. வெளியிலிருந்து உணவு வந்து சேரும்படி செய்தான். குறைஷிகளின் குளிர்காலப் பயணமும் கோடைகாலப் பயணமும் அவர்களின் பசிக்கு வழியானதை ஸூரா குறைஷில் ஓதுகிறோம். மக்கா மறைநீரில் வாழ்ந்த நகரம்.

யூசுஃப் (அலை) அவர்களின் வரலாறும் அதுவே. கன்ஆனில் பஞ்சம், மிஸ்ரில் தானியம். நைல் நதியை வெட்டி யஃகூப் (அலை) அவர்களின் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. ஒரு ஒட்டகச் சுமை தானியம் போய்ச் சேர்ந்தால் நைல் நதியே போய்ச் சேர்ந்த மாதிரி.

துமாமா இப்னு உஸால் (ரலி) அவர்களின் சம்பவம் இன்னும் தெளிவானது. அவர்கள் யமாமாவின் தலைவர். இஸ்லாத்தை ஏற்றதும், நபி (ஸல்) அவர்களின் அனுமதி இல்லாமல் யமாமாவிலிருந்து ஒரு கோதுமை மணியும் மக்காவுக்கு வராது என்று அறிவித்தார்கள். மக்காவாசிகள் தவித்தார்கள். உறவைச் சொல்லி நபியவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். தம்மை ஊரைவிட்டே விரட்டியவர்கள், தம்முடன் போர் செய்தவர்கள் அவர்கள். ஆனாலும் தானியத்தைத் திறந்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் துமாமாவுக்கு எழுதினார்கள் என்று ஸீரா நூல்கள் சொல்கின்றன. பசித்தவன் எதிரியானாலும் தானியத்தை ஆயுதமாக்கக் கூடாது என்பது இதில் நமக்குப் பாடம்.

நம் பக்கத்துப் பண்ருட்டியைப் பாருங்கள். நம் மாவட்டத்து முந்திரி போதாமல், மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து முந்திரிக்கொட்டை வந்து இங்குள்ள ஆலைகளில் உடைபடுகிறது. பெரும்பாலும் மழையை நம்பி அங்கே வளரும் மரத்தின் விளைச்சல் அது. நம் நாட்டு அரிசி பெனின் போன்ற அதே பகுதி நாடுகளுக்குப் போகிறது. இரண்டு பக்கமும் வயிறு நிறைகிறது. நாம் சாப்பிடும் பரோட்டாவும் அப்படியே. தமிழ்நாட்டில் கோதுமை விளைவது இல்லை என்றே சொல்லலாம். வடநாட்டுத் தண்ணீரைத்தான் மைதாவாகப் பிசைகிறோம்.

எல்லாவற்றையும் நானே விளைவித்துக்கொள்வேன் என்று பிடிவாதம் பிடித்தாலும் கேடு வரும். சவூதி அரேபியா 1980-களில் பாலைவனத்தில் கோதுமை விளைவித்தது. தேவைக்கு மேல் விளைவித்து ஏற்றுமதியும் செய்தது. பாய்ச்சியது பல்லாயிரம் வருடங்களுக்கு முன் மண்ணுக்குள் சேர்ந்த நீர். மழை அதை மறுபடி நிரப்பாது. ரியாதுக்குத் தெற்கே அல்கர்ஜில் இருந்த ஆழமான ஊற்றுகள் வற்றிப்போயின. அந்த வட்டாரம்தான் அன்றைய யமாமா. மக்காவுக்குக் கோதுமை கொடுத்த பூமி! கடைசியில் 2008-இல் அந்த அரசே முடிவெடுத்து, உள்நாட்டுக் கோதுமைக் கொள்முதலைப் படிப்படியாகக் குறைத்து 2016-இல் நிறுத்தியது. பிறகு அந்நாட்டுப் பால் பண்ணைத் தொழில் மாட்டுத் தீவனத்துக்காக அமெரிக்காவின் அரிசோனாவில் நிலம் தேடிப் போனது. அங்கேயும் கிணறுகள் இறங்குகின்றன என்று மக்கள் முறையிட, அரசு நிலத்தின் குத்தகையை முடித்துக்கொள்ள அந்த மாகாணம் 2023-இல் முடிவெடுத்தது. இடத்தை மாற்றினார்கள், கேள்வி மாறவில்லை.

ரஹ்மத் எங்கே அநியாயமாகிறது?

பஞ்சாபுக்கு வாருங்கள். ஒவ்வொரு வருடமும் மண்ணுக்குள் சேரும் நீரைவிட ஒன்றரை மடங்குக்கும் அதிகமாக அங்கே இறைக்கப்படுகிறது. நெல் அந்த மண்ணின் பழைய பயிர் அல்ல. நாட்டின் பசியைப் போக்கப் பசுமைப் புரட்சிக் காலத்தில் அந்த விவசாயியிடம் நாம்தான் கேட்டோம். நெல்லுக்கு ஆதரவு விலை, மோட்டாருக்கு இலவச மின்சாரம், கொள்முதலுக்கு அரசு. அவர் வேறு எதைப் பயிரிடுவார்? நாற்று நடும் தேதியைத் தள்ளிவைக்க 2009-இல் சட்டமே போட்டார்கள். நீர்மட்டம் இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் விளையும் பாஸ்மதி சவூதிக்கும் ஈரானுக்கும் ஈராக்கிற்கும் அமீரகத்துக்கும் போகிறது. வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளின் தட்டிலும் அது இருக்கிறது.

2017-இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு, பாசனத்துக்காக உலகம் இறைக்கும் மீண்டும் நிரம்பாத நிலத்தடி நீரில் சுமார் 11 சதவீதம் சர்வதேச உணவு வியாபாரத்தில் போகிறது என்றது. அதில் மூன்றில் இரண்டு பங்கை அனுப்புவது பாகிஸ்தான், அமெரிக்கா, இந்தியா என்ற மூன்றே நாடுகள்.

தானியத்துக்கு விலை உண்டு. சாக்குக்கு, லாரிக்கு, கப்பலுக்கு, இன்சூரன்ஸுக்கு விலை உண்டு. உள்ளே இருக்கும் தண்ணீருக்கு மட்டும் விலை இல்லை. 2023 ஜூலையை நினைத்துப் பாருங்கள். உள்நாட்டில் விலை ஏறுகிறது என்று ஜூலை 20 அன்று பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்கு மத்திய அரசு தடை போட்டது. ஆறு நாள் கழித்து நம் பக்கத்து வளையமாதேவியில், பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காக, பச்சையாக நின்ற நெற்பயிருக்குள் எந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது என்பது ஒரு தரப்பின் பேச்சு. அறுவடை வரை பொறுத்திருக்கலாமே என்பது மறு தரப்பின் பேச்சு. உயர்நீதிமன்றம் பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அந்த வழக்கின் நியாயத்தைப் பேச நான் வரவில்லை. பயிருக்கு விலை போட்டார்கள். அந்தப் பயிர் அதுவரை குடித்த தண்ணீருக்கு யாரும் விலை போடவில்லை. பெரும்பாலான கணக்குகளில் அது வருவதில்லை.

தடையாவது தீர்வா? தடை போட்டதும் உலகச் சந்தையில் அரிசி விலை 15 வருடத்தில் காணாத உயரத்துக்குப் போனது. அடிபட்டவர்கள் நம் அரிசியை நம்பியிருந்த ஏழை நாட்டுக்காரர்கள். 2024 செப்டம்பரில் தடை நீங்கியது. நீர்மட்டத்தைக் காக்கப் போட்ட தடையும் அல்ல, அதை நினைத்து எடுத்த தடையும் அல்ல.

மார்க்கம் காட்டும் அளவுகோல்

திறந்துவிட்டால் வருங்காலத்துக்கு அநியாயம், மூடினால் இன்றைய பசித்தவனுக்கு அநியாயம். இதற்கு நடுவில் நம் மார்க்கம் ஒரு சொல்லைத் தருகிறது. அதுதான் உபரி.

தேவைக்கு மேல் உள்ள தண்ணீரைத் தடுத்து, அதன் மூலம் புல்லையும் தடுத்துவிடாதீர்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள் (புகாரி). எவ்வளவு ஆழமான பார்வை பாருங்கள்! தண்ணீரையும் அதில் விளைவதையும் நபியவர்கள் ஒரே பார்வையில் வைத்துச் சொன்னார்கள். இன்னொரு ஹதீஸில், உபரி நீரைத் தடுத்தவனிடம் மறுமையில் அல்லாஹ், உன் கைகள் உண்டாக்காத ஒன்றின் உபரியை நீ தடுத்தாயே, இன்று என் அருளை உனக்குத் தடுக்கிறேன் என்ற கருத்தில் கூறுவான் என்று வருகிறது (புகாரி).

இதில் இரண்டு சட்டங்கள் இருக்கின்றன. ஒன்று, உபரியைத் தடுக்கக் கூடாது. ஆகவே மிஞ்சிய தானியம் பசித்த ஊருக்குப் போகத்தான் வேண்டும். இரண்டாவதை நாம் கவனிப்பதில்லை. உபரி என்றால் என்ன? மழையும் ஆறும் வருடா வருடம் கொண்டுவந்து சேர்ப்பதில் நம் தேவைக்குப் போக மிஞ்சுவது உபரி. பூமிக்கு அடியில் சேர்ந்து கிடப்பது, இறைத்தால் திரும்ப நிரம்பாதது, உபரி அல்ல. அது அமானிதம். வருமானத்தில் மிஞ்சியதைத் தர்மம் செய்யலாம், விற்கலாம். அனாதைப் பிள்ளைக்காக நம் கையில் கொடுத்து வைத்த பணத்தை எடுத்து யாருக்கும் தாராளம் காட்ட முடியாது.

வருங்காலத்தவருக்கு இன்றைய சொத்தில் பங்கு உண்டா என்று கேட்கலாம். இராக் வெற்றிகொள்ளப்பட்டபோது அதன் செழிப்பான விளைநிலங்களைத் தங்களுக்குப் பங்கிட்டுத் தருமாறு ஸஹாபாக்களில் சிலர் கேட்டார்கள். உமர் (ரலி) அவர்கள் மறுத்தார்கள். ஸூரத்துல் ஹஷ்ரில், பின்னால் வருபவர்களைப் பற்றிச் சொல்லும் வசனத்தை ஆதாரம் காட்டினார்கள். இன்றே பங்கிட்டுவிட்டால் நாளை வருபவர்களுக்கு என்ன இருக்கும் என்பதே அவர்களின் கவலை. பிறக்காத தலைமுறைக்கு நிலத்தில் பங்கு வைத்த உம்மத் நாம். நிலத்துக்கே உண்டென்றால் நிலத்தடி நீருக்கு இல்லையா? கிணற்றைச் சுற்றி ‘ஹரீம்’ என்று ஒரு காப்பு எல்லையை நம் ஃபுகஹாக்கள் வைத்தார்கள். பக்கத்தில் இன்னொருவர் தோண்டி அந்தக் கிணற்றை வற்றவைக்கக் கூடாது என்பதற்காக. அண்டை வீட்டாருக்கு ஹரீம் உண்டென்றால், அடுத்த தலைமுறைக்கும் ஒரு ஹரீம் இருக்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து.

கடும் பஞ்சம் வந்தால் என்ன செய்வது? அதற்கும் யூசுஃப் (அலை) அவர்களிடம் பதில் இருக்கிறது. ஏழு நல்ல வருடங்களில் சேர்த்தார்கள், ஏழு கஷ்ட வருடங்களில் செலவழித்தார்கள். அந்தக் கஷ்ட காலத்திலும் கொஞ்சம் மிச்சம் வைக்க வேண்டும் என்றே அந்த வசனத்தில் வருகிறது. சேமிப்பைத் தொடுவது நெருக்கடிக்கு. நாம் நல்ல வருடத்திலும் அதைத் தொடுகிறோம். நெருக்கடி வரும்போது என்ன இருக்கும்?

ஆகவே முதல் கேள்விக்கு என் பதில் இது. மோட்டாரைப் போட்ட விவசாயி முதல் குற்றவாளி அல்ல. நாம் விரித்த பாயில் அவர் உட்கார்ந்திருக்கிறார். நீருக்கு விலையில்லாத கணக்கை எழுதிய ஆட்சியாளர்கள் முதலில் பதில் சொல்ல வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கும் செல்வ நாடுகள் அடுத்து. அதை வீணடிக்கும் நாம் அதற்கு அடுத்து. பொறுப்பாளர் ஒவ்வொருவரும் தம் பொறுப்பைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்பது நாம் அறிந்த ஹதீஸ்.

நம் கையில் இருப்பது

ஆட்சியாளர்களுக்குச் சொல்வதை மனுவாகவும் வாக்காகவும் சொல்வோம். நம் கையில் உள்ளதையும் பார்ப்போம்.

நம் வலீமாக்களைப் பாருங்கள். 500 பேர் சாப்பிடும் விருந்தில் ஆளுக்கு 20 கிராம் அரிசிச் சோற்றை இலையில் விட்டால் 10 கிலோ அரிசி. அதற்குள் 25,000 லிட்டர் தண்ணீர். மண்டபத்து வாசலில் இரண்டு தண்ணீர் லாரிகளைத் திறந்து சாக்கடையில் விட்டால் ஊரே திரண்டு வந்து சண்டை போடும். பிரியாணியாக விட்டால் யாரும் கேட்பதில்லை. பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் இருவரும் பேசும்போதே சஹன்களின் எண்ணிக்கையைக் கணக்காகப் பேசுங்கள். மிஞ்சியதை அன்றே ஏழை வீடுகளுக்குச் சேர்க்க நம் வாலிபர்களைப் பொறுப்பாக்குங்கள்.

நம் ஜமாஅத்தில் விவசாயிகள் இருக்கிறார்கள். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டும் முறை உங்களுக்குப் புதிதல்ல. வயலில் எப்போதும் நீர் நிற்க வேண்டியதில்லை, மண்ணில் கீறல் விழுந்த பின் பாய்ச்சினாலும் விளைச்சல் குறையாது என்று வேளாண் துறையே சொல்கிறது. மின்சாரம் இலவசம் என்பதற்காக மோட்டாரை அணைக்காமல் தூங்கப் போகாதீர்கள். இலவசமாகக் கிடைத்ததற்கும் மறுமையில் கணக்கு உண்டு.

வீட்டில் சமைக்கும் தாய்மார்களே! கம்பும் கேழ்வரகும் வரகும் நம் மாவட்டத்து மானாவாரி நிலத்தில் விளைந்தவை. வாரத்தில் இரண்டு நாள் அவை அடுப்பில் ஏறினால் குடும்பத்துக்கும் நல்லது, மண்ணுக்கும் நல்லது. அரிசியைக் களையும்போது பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுங்கள். பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

ஒரு பிடிச் சோற்றின் முன் பிஸ்மில்லாஹ் சொல்கிறோம். அந்தப் பிடிக்குள் யாரோ ஒருவரின் வியர்வையும், ஏதோ ஒரு ஊரின் நிலத்தடி நீரும், இன்னும் பிறக்காத யாரோ ஒரு பிள்ளையின் பங்கும் இருக்கலாம் என்று எண்ணிச் சொல்வோம்.

யா அல்லாஹ்! எங்கள் ஊருக்கும் உலகுக்கும் பயனுள்ள மழையைத் தருவாயாக. பூமிக்குள் நீ வைத்த அமானிதத்தைப் பேணும் அறிவை எங்களுக்கும் எங்கள் ஆட்சியாளர்களுக்கும் தருவாயாக. நிலத்தை இழந்தவர்களுக்கு நல்ல பகரத்தையும், சுரங்கத்திலும் வயலிலும் உழைப்பவர்களுக்குப் பாதுகாப்பையும் பரக்கத்தையும் தருவாயாக. பசித்தவரைத் தவிக்க விடாமலும், பின்னால் வருபவரை வஞ்சிக்காமலும் வாழும் தவ்ஃபீக்கை எங்கள் அனைவருக்கும் தந்தருள்வாயாக. ஆமீன். வஸ்ஸலாம்.